படத்தில் இருந்தது கம்பூசியா அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், டெங்கு தடுப்புக்காக ஒரு ஊராட்சிக் குளத்தில் மீன் விட்ட செய்தி வந்திருந்தது. கூடவே ஒரு படம். குவித்த கையில் கொஞ்சம் தண்ணீர், அதில் மூன்று மீன்கள். 'கொசுப்புழுக்களை உண்ணும் கம்பூசியா மீன்கள்' என்று கீழே போட்டிருந்தீர்கள். அந்த மூன்றில் ஒன்றுகூட கம்பூசியா இல்லை. மூன்றும் நம் குளத்து மானத்துக்கண்ணிகள்தான். மீன் விட வந்தவர்கள் கொண்டுவந்தது ஒன்று, உங்கள் புகைப்படக்காரர் கரையோரம் அள்ளிப் படம் எடுத்தது வேறொன்று என்று நினைக்கிறேன். அந்தக் குளத்தில் ஏற்கெனவே கொசுப்புழு தின்கிற மீன் இருக்கிறது என்பதற்கு உங்கள் படமே சாட்சி.

படத்தை வைத்து இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறாய் என்று கேட்கலாம். தக்கலைக்குப் பக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டிகள் கட்டி வண்ண மீன் வளர்த்து, நாகர்கோவில் கடைகளுக்குக் கொடுப்பதுதான் எனக்குத் தொழில். கப்பி, மோலி, பிளாட்டி, அப்புறம் பொன்மீன். ஒரு தொட்டியில் மட்டும் விற்பனைக்கு இல்லாமல் வாய்க்கால் மீன்கள் கிடக்கின்றன. மகள் கல்லூரியில் விலங்கியல் படித்தபோது அவளுக்காகச் சேர்க்க ஆரம்பித்தது. அவள் படிப்பை முடித்துவிட்டாள், எனக்கு அந்த வேடிக்கை விடவில்லை. மீனின் பெயரை நிறத்தை வைத்துச் சொல்லாதே, அடையாளத்தை வைத்துச் சொல் என்று அவளுடைய பேராசிரியர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பாராம். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

உங்கள் படம் வந்த மறுநாள் பக்கத்து ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டி, 'அக்கா, இந்தக் கம்பூசியா வேணும், கிணத்துல விடணும்' என்றார்கள். மீன் அவர்கள் ஊர் ஏலாவில், அதாவது வயல்வெளியில், வரப்போரம் ஓடுகிற தண்ணீரிலேயே இருக்கிறது, தோர்த்துத் துண்டு விரித்துப் பிடித்தால் போதும் என்றேன். நம்பவில்லை. இன்னொருவர் நேர்மாறாக வந்து நின்றார். கம்பூசியா வெளிநாட்டு மீன், கெடுதல் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். உங்கள் படத்தில் இருந்த அதே மீன் தன் வீட்டுக் குளத்தில் நிறைய இருப்பதால் வலை போட்டு எடுத்துவிடலாமா என்று கேட்டார். ஒரே படக்குறிப்பு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. அதனால்தான் இது சின்ன எழுத்துப் பிழை இல்லை என்று நினைத்து உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

சரி, அடையாளங்களுக்கு வருகிறேன்.

முதலில் கரையில் நின்று மேலிருந்து பாருங்கள். மானத்துக்கண்ணியின் உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு ஒன்று மின்னும். வெயில் படுகிற நேரத்தில் தண்ணீரின் மேல்மட்டத்தில் மீன் தெரிவதற்கு முன்பே அந்தப் பொட்டுதான் தெரியும். அப்லோகைலஸ் என்கிற இந்தப் பேரினத்து மீன்கள் எல்லாவற்றுக்கும் அது உண்டு. கம்பூசியாவுக்கு இல்லை, கப்பிக்கும் இல்லை. குளத்துக்கு அதிகாரி யாராவது மீன் வாளியோடு வந்தால், வாளியைக் கவிழ்ப்பதற்கு முன் அவர் செய்ய வேண்டியது இது ஒன்றுதான். கரையோரப் புல்லருகே வெள்ளிப் பொட்டுகள் நகர்கின்றனவா என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும்.

பிறகு மீனைப் பிடித்து, பக்கவாட்டில் தெரிகிற மாதிரி சதுரக் கண்ணாடிப் பாத்திரத்தில் விடுங்கள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் பாதி அடையாளம் போய்விடும், துடுப்புகள் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் பார்க்கும்போது வயிற்றுக்குப் பின்னால் அடிப்பக்கம் இருக்கிற துடுப்பைக் கவனியுங்கள். மானத்துக்கண்ணிக்கு அது அடிவயிறு முடிகிற இடத்திலிருந்து வாலை நோக்கி நீளமாக ஓடும். முதுகுத் துடுப்போ சின்னது, அந்த நீளத் துடுப்பின் பின்பாதிக்கு மேலே, வாலை ஒட்டிப் போய் உட்கார்ந்திருக்கும். கம்பூசியாவுக்கு அடித்துடுப்பின் அடி குறுகலானது, முதுகுத் துடுப்பும் அவ்வளவு பின்னால் போகாது. ஆண் கம்பூசியாவுக்கு அந்த அடித்துடுப்பே நீண்ட குச்சியாக மாறியிருக்கும். இனச்சேர்க்கைக்கான உறுப்பு அது. முட்டையிடும் மானத்துக்கண்ணிக்கு அப்படி ஒன்று கிடையாது. குச்சித் துடுப்பு ஒன்றைப் பார்த்துவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், அது குட்டி போடுகிற வெளிநாட்டு மீன்தான்.

பெண் கம்பூசியாவிடம் ஒரு சிக்கல் இருக்கிறது. சினையாக இருக்கும்போது அடிவயிற்றின் பின்பகுதியில் கறுப்புத் திட்டு ஒன்று தெரியும். 'கறுப்புப் பொட்டு உள்ள மீன்' என்று யாரோ சொல்லி வைத்திருப்பதை நினைத்துக்கொண்டு பார்ப்பவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். மானத்துக்கண்ணியின் கறுப்புப் பொட்டு வயிற்றில் இருக்காது, முதுகுத் துடுப்பின் அடியில் இருக்கும். இடம்தான் முக்கியம். கம்பூசியாவின் உடம்பு பொதுவாகச் சாம்பலும் பாசியும் கலந்த நிறம். வாலிலும் முதுகுத் துடுப்பிலும் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். கண்ணுக்குக் கீழே மங்கலான ஒரு கறுப்புக் கோடும் பலவற்றில் தெரியும்.

அடுத்து, மானத்துக்கண்ணிகளுக்குள்ளேயே எது எது என்று பார்க்கிற கட்டம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எங்கள் பக்கம் ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் அதிகம் கிடைப்பது அப்லோகைலஸ் லினியேட்டஸ். கில்லிமீன் என்கிற இந்தச் சின்ன மீன் கூட்டத்தில் இந்தியாவில் இதுதான் பெரியது, 10 செ.மீ. வரை வளரும். 1846-ல் வாலென்சியன் என்கிற பிரெஞ்சுக்காரர் இதற்குப் பெயர் வைத்தார். உடம்பெல்லாம் பச்சையும் பொன்னுமாகச் செதில்கள் வரிசை வரிசையாக மின்னும். அந்தப் பொன் வரிசைக்குக் குறுக்கே, குறிப்பாக உடம்பின் பின்பாதியில், மெல்லிய கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக இறங்கும். பெண்ணிடம் பட்டைகள் மை தொட்டு இழுத்த மாதிரி தெளிவாக இருக்கும். ஆணிடம் மங்கல், பொன் மினுக்குதான் கண்ணில் படும். பெண்ணின் முதுகுத் துடுப்படியில் கறுப்புப் பொட்டு. ஆணின் துடுப்பு ஓரங்கள் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும், வயிற்றுத் துடுப்பு நீண்டு இழையாக ஓடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டால், இவை வேறு வேறு இனம் என்று அடித்துச் சொல்வார்கள் பார்ப்பவர்கள். எத்தனையோ பேர் என் தொட்டி முன்னால் நின்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஆணா பெண்ணா என்பதை முதலில் தீர்த்துவிட்டுத்தான் இனத்துக்குப் போக வேண்டும். குட்டி மீன்களில் அதுவும் முடியாது, கொஞ்சம் வளர்த்துப் பார்ப்பதுதான் வழி.

இதை விடச் சின்னவையும் இருக்கின்றன. பி. சுந்தரராஜ் 1916-ல் சென்னைப் பகுதியின் நன்னீர் மீன்களைப் பற்றி எழுதியபோது பார்வஸ் என்று பெயரிட்ட மீன் ஒன்று, 1911-ல் ஜெர்மானியரான அர்னால்ட் பிளாக்கி என்று பெயர் வைத்தது இன்னொன்று. இரண்டும் ஐந்தாறு சென்டிமீட்டரைத் தாண்டாது. லினியேட்டஸ் பெண்ணின் பட்டைகள் இவற்றில் அப்படித் தெரியாது. பக்கவாட்டில் மினுங்கும் புள்ளி வரிசைகள்தான் எடுப்பாக இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது என் போன்றவர்களுக்கான வேலை இல்லை. நிபுணர்களே நெடுங்காலம் இரண்டையும் ஒரே மீனாக எழுதி வந்திருக்கிறார்கள். 'சின்ன மானத்துக்கண்ணி' என்று குறித்துவிட்டு, எந்த ஊர், எந்தத் தண்ணீர் என்று எழுதி வைப்பேன், அவ்வளவுதான். பிடித்த இடம் எழுதாத மீனை எந்த நிபுணரிடம் காட்டினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, எங்கே பிடித்தீர்கள் என்பதுதான்.

இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது பாஞ்சாக்ஸ் என்கிற இன்னொரு மானத்துக்கண்ணி. 1822-ல் ஹாமில்டன் விவரித்த மீன், வங்காளத்து மீன். வங்கம், ஒடிசா என்று தொடங்கி தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கிறது. அதில் ஆண் பெண் இரண்டுக்கும் முதுகுத் துடுப்படியில் கறுப்புப் பொட்டு உண்டு. அதனால்தான் பொட்டைப் பார்த்ததும் 'பாஞ்சாக்ஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். நம் ஊரில் பொட்டு உள்ள மீனைப் பார்த்தால் கூட வருகிற ஆணையும் பாருங்கள். ஆணுக்கும் பொட்டு இருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பெயரை விட்டுவிடலாம். இலங்கைக்குப் போனால் கதை இன்னும் மாறும். அங்கே பார்வஸ் உண்டு, கூடவே டாயி, வெர்னெரி என்று அந்தத் தீவுக்கே உரியவை இரண்டு. டாயி என்பது, மெட்ராஸில் ராணுவ மருத்துவராக இருந்து இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய பிரான்சிஸ் டேயின் பெயரால் வைத்தது. கோவாவிலிருந்து 1986-ல் விவரித்த கிர்ச்மயெரி என்று ஒன்றும் உண்டு. அதை நான் நேரில் பார்த்ததில்லை.

கம்பூசியா அல்லாத, மானத்துக்கண்ணியும் அல்லாத மூன்றாவது ஒன்றும் வயல் தண்ணீரில், கழிமுகத்தில் கலந்து கிடக்கும். உடம்பு கண்ணாடி மாதிரி, உள்ளே முள் தெரியும், கண் பெரியது. பெண் மீனின் அடியில் முட்டைகள் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இது ஒரைசியாஸ், நெல்வயல் மீன். முன்பு இதையும் கில்லிமீன்களோடு சேர்த்திருந்தார்கள். 1981-ல் வகைப்பாட்டை மாற்றி, ஊசிமீன், பறவைமீன் இருக்கிற வரிசைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இதுவும் புழு தின்னும், இதுவும் நம்முடையதுதான்.

கடையில் பார்த்ததை வைத்துக் குளத்து மீனை அடையாளம் காணப் போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். வண்ண மீன் கடைகளில் 'கோல்டன் வொண்டர்' என்று மஞ்சளாக ஒன்று விற்கிறார்கள். அது லினியேட்டஸ்தான். தங்க நிறம் வருகிற மாதிரி தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது. கறுப்பு குறைந்து, காட்டு மீனின் பட்டைகள் ஏறக்குறைய காணாமல் போயிருக்கும். அதை வாங்கி வளர்த்த பையனிடம் ஓடையில் பிடித்த லினியேட்டஸைக் காட்டினால், இது வேறு மீன் என்பான். எனக்கு வியாபாரம் என்ற வகையில் கோல்டன் வொண்டர் மேல் ஒரு புகாரும் இல்லை. நன்றாக விற்கும், கொஞ்சம் துள்ளும், தொட்டிக்கு மூடி வேண்டும். ஆனால் அதைக் கொண்டுபோய் ஓடையில் விடாதீர்கள்.

காட்டு மீனின் அடையாளமும் எல்லா நேரமும் ஒரே மாதிரி இருக்காது. வலையில் சிக்கிப் பயந்த மீன் வெளிறிப் போகும், பட்டைகள் சட்டென்று கறுக்கவோ மங்கவோ செய்யும். கறுப்புத் தரை உள்ள தொட்டியில் ஒரு நிறம், வெள்ளை வாளியில் இன்னொரு நிறம். அதனால் பிடித்த உடனே ஒரு படம், பாத்திரத்தில் கொஞ்ச நேரம் அமைதியாக விட்ட பிறகு இன்னொரு படம் என்று எடுப்பது நல்லது. பக்கவாட்டில், துடுப்பு விரிந்திருக்கும்போது எடுக்க வேண்டும். தலைக்கு மேலிருந்து வெள்ளிப் பொட்டுக்காக ஒன்று. செத்த மீனைப் பாட்டிலில் போட்டு வைத்தால் மஞ்சளும் சிவப்பும் கரைந்து போய்விடும், பொன் மினுக்கும் நிற்காது. கறுப்பு மட்டும்தான் மிஞ்சும். பழைய நூல்கள் கறுப்புப் பொட்டையும் பட்டையையும் துடுப்புக் கதிர்களின் எண்ணிக்கையையும் பிடித்துக்கொண்டு எழுதியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று மகள் சொல்வாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அந்த நூலாசிரியர்கள் கையில் இருந்தது பாட்டில் மீன். நம் கையில் இருப்பதோ உயிருள்ள மீனும் கைப்பேசிக் கேமராவும்.

இனி, இந்தப் பிரச்சினையில் உங்கள் செய்தியின் மறுபாதி. கம்பூசியா 1928-ல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்தது, சொந்த ஊர் அமெரிக்கா. எங்கே விட்டாலும் பிழைக்கும். மாதத்துக்கு ஒருமுறை சில பத்துக் குட்டிகள் என்று போட்டுக்கொண்டே இருக்கும். மானத்துக்கண்ணி அப்படி இல்லை. நாளுக்குச் சில முட்டைகளாக வேர்களிலும் பாசியிலும் ஒட்டி வைக்கும், பொரிய இரண்டு வாரம் போலாகும், பெரியவையே குஞ்சுகளைத் தின்றும் தீர்க்கும். வாளி வாளியாகக் கொடுக்க வேண்டிய துறைக்கு எது சுலபம் என்பது புரிகிறது. அவர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் கம்பூசியா புழுவோடு நிற்பதில்லை. மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, தவளைக் குஞ்சு எல்லாவற்றையும் தின்னும், துடுப்பைக் கடித்துக் குதறும். உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவி உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் வல்லுநர் குழு வெளியிட்ட பட்டியலில் இதுவும் இருக்கிறது. வெள்ளிப் பொட்டு மின்னுகிற குளத்தில் அதைக் கவிழ்ப்பது, இருக்கிற காவலாளியை விரட்ட ஆள் அனுப்புவது மாதிரிதான்.

போதாததற்கு, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு குளத்தைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்குகிற தண்ணீர்தான் அதற்கு வேண்டும். சிமெண்ட் தொட்டி, மூடாத டிரம், டயர், பூந்தொட்டித் தட்டு. எங்கள் பக்கம் கூடுதலாக ரப்பர் தோட்டம். மழைக்காலத்தில் பால் வெட்டு நின்றிருக்கும்போது மரத்தில் கவிழ்த்து வைக்காத, பால் பிடிக்கிற சிரட்டை ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிற்கும். அந்தச் சிரட்டையில் எந்த மீனை விடுவது? கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். குளத்தில் மீன் விட்டு டெங்குவைத் தடுத்ததாகச் செய்தி வரும்போது, சிரட்டையைக் கவிழ்க்க வேண்டியவர் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்.

கிணறு, பெரிய சிமெண்ட் தொட்டி என்று மீன் உண்மையாகவே உதவுகிற இடங்களும் உண்டு. அங்கே உள்ளூர் மீனே போதும். கோவாவில் மலேரியா பரப்பும் ஸ்டீபன்சி கொசுவை எதிர்த்து 1990-களில் நடந்த கள ஆய்வுகளில், நான் மேலே சொன்ன பிளாக்கி மீனை, புழுக்களைக் கொல்லும் பாக்டீரியா மருந்தோடு சேர்த்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இத்தனைக்கும் நான் கப்பி விற்றுப் பிழைக்கிறவள். கொசுவுக்கு என்று கேட்டு வந்தால் மூடிய தொட்டிக்கு ஐந்தாறு கப்பி கொடுத்து, மழையில் நிரம்பி வழிந்து ஓடைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புவேன். கிணற்றுக்கு என்று வருகிறவர்களை ஏலாவுக்குப் போகச் சொல்கிறேன். காசு வராத யோசனை என்பதால்தானோ என்னவோ, யாரும் நம்புவதில்லை.

தங்களிடம் கேட்பது இரண்டுதான். ஒன்று, அந்தப் படக்குறிப்புக்குத் திருத்தம் போடுங்கள். உள்பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம், அதே மாவட்டப் பக்கத்தில், அதே படத்தோடு வரட்டும். இரண்டாவது, வடகிழக்குப் பருவமழை தொடங்கி மறுபடியும் மீன் விடுகிற செய்திகள் வருவதற்கு முன்னால், கம்பூசியா, கப்பி, மானத்துக்கண்ணியின் ஆண், பெண், நெல்வயல் மீன் இந்த ஐந்தின் பக்கவாட்டுப் படங்களை அரைப் பக்கத்தில் போடலாம். எழுத்து அதிகம் வேண்டாம். பொட்டு எங்கே, பட்டை எங்கே, துடுப்பு எவ்வளவு நீளம் என்று அம்புக்குறி போட்டால் போதும். பள்ளிகளில் வெட்டி ஒட்டிவிடுவார்கள், ஊராட்சி அலுவலகத்திலும் யாராவது ஒட்டுவார்கள்.

படம் எடுக்க மீன் வேண்டுமென்றால் என்னிடம் ஐந்தும் உயிரோடு இருக்கின்றன. கம்பூசியா மட்டும் தனி வாளியில், மூடி போட்டு. புகைப்படக்காரர் மதியத்துக்கு முன் வந்தால் நல்லது, பிற்பகலில் தொட்டிகள் மேல் மாமர நிழல் விழுந்துவிடும். கண்ணாடிப் பாத்திரம் என்னிடமே இருக்கிறது, அவர் கேமராவை மட்டும் கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.